பெரியவர்களின் நீர்க்கோளாறும் புரோஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சியும்

(கம்போங் மேடானில் தோட்டப்புறக் குடும்பங்களிடையே ஆற்றிய சுகாதார உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சபையில் பேசுவதற்குப் பலரும் கூச்சப்படும் பொருளாகும். சிறுநீரைப் பற்றியும், ஆடவர் உடலின் மறைவான ஓர் உறுப்பைப் பற்றியும் பேசவிருக்கிறோம். இதை முன்னதாகவே கூறிவிடுவது நல்லது. தாய்மார்கள் எழுந்து செல்ல வேண்டியதில்லை. இரவில் தம் கணவர் எத்தனை முறை எழுந்து வெளியே செல்கிறார் என்பதை அவரைவிடத் தாங்களே நன்கு அறிவீர்கள். ஆடவர் மறைப்பதை மருத்துவரிடம் முதலில் கூறுபவர் பெரும்பாலும் மனைவியே என்பது நமது அனுபவம்.

இந்தக் கம்போங் மேடான் வட்டாரத்தில் வாழும் முதியோர் பலர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் பால்மரம் சீவி, தோட்டங்கள் கைமாறி வீடமைப்புப் பகுதிகளாக ஆனபோது பட்டணத்துப் பக்கம் வந்து குடியேறியவர்கள். இன்னும் தோட்டத்திலேயே பணிபுரிகின்ற உறவினர் சிலரும் இன்று இங்கு வந்திருக்கின்றனர். அவர்களுக்கும் இவ்வுரை உரியதேயாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் சந்தித்த பெரியவர் ஒருவரைப் பற்றி முதலில் சொல்ல விரும்புகிறோம். அவருடைய பெயரும் தோட்டமும் இங்கு வேண்டா. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மரம் சீவியவர், வேலையில் கெட்டிக்காரர். இரவில் நான்கு, ஐந்து முறை எழுந்து சிறுநீர் கழிப்பது அவருக்கு வழக்கமாயிற்று. வயதானால் அப்படித்தான் என்று அவர் கருதினார். டாக்டரைப் பார்க்கலாமே என்று மனைவி சொன்னபோது, இதையெல்லாம் வெளியில் பேசுவதா என்று கடிந்துகொண்டார். பிறகு இடுப்பிலும் முதுகிலும் வலி கண்டது. இளமையிலிருந்து பால் வாளி சுமந்த முதுகு அல்லவா, வலிக்கத்தானே செய்யும் என்று ஓராண்டு காலம் தைலம் தேய்த்துக் காலந் தள்ளினார். ஒருநாள் இரவு சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. வயிறு கல்லாக வீங்கி, வலி பொறுக்கமாட்டாமல் துடித்தவரைப் பக்கத்து வீட்டு இளைஞர்கள் காரில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தனர். குழாய் செலுத்தி நீரை வெளியேற்றினார்கள். இரத்தம் சோதித்தபோது, அவருக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பதற்கான அடையாளம் தெரிந்தது. தொடர்ந்து செய்த சோதனைகளில் அது முதுகெலும்பிலும் பரவியிருந்தமை உறுதியாயிற்று. முதுகில் இருந்த வலி வாளியினால் வந்த வலி அன்று.

அவர் எப்போது மருத்துவரிடம் சென்றிருக்க வேண்டும்? அப்படிச் சென்றிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காணவே உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக உழைத்து வருகின்றனர். விடை நாம் நினைப்பது போல் எளிதானதன்று. அதனால்தான் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

புரோஸ்டேட் என்பது ஆடவருக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப் பைக்குக் கீழே, பெரிய கொட்டைப்பாக்கு அளவில் அமைந்துள்ளது. சிறுநீர்க் குழாய் அதன் நடுவே துளைத்துக்கொண்டு செல்கிறது. விந்து நீரின் ஒரு பகுதியை உண்டாக்குவது இதன் வேலை. ஐம்பது வயதுக்கு மேல் பெரும்பாலான ஆடவருக்கு இச்சுரப்பி தானாகவே பருக்கத் தொடங்குகிறது. உள்ளே செல்லும் குழாய் நெருக்கப்படுவதால் நீர் தாமதித்து வருதல், தாரை மெலிதல், சொட்டுச் சொட்டாக நிற்றல், இரவில் பலமுறை எழுதல் ஆகிய தொல்லைகள் தோன்றுகின்றன. இது சாதாரண வீக்கமேயன்றிப் புற்றுநோயன்று. மாத்திரைகளாலேயே பெரும்பாலோருக்குக் குணம் கிடைக்கிறது. நீர்த்தொல்லை உள்ள பெரியவர் எல்லாருக்கும் புற்றுநோய் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

புற்றுநோயின் வழி வேறு. அது பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்புற ஓரத்தில், குழாயை விட்டு விலகிய இடத்தில் முளைக்கிறது. ஆகவே தொடக்கத்தில் வலியும் இல்லை, அடைப்பும் இல்லை. அறிகுறி தோன்றும் வேளையில் அது வளர்ந்தோ பரவியோ இருக்கக்கூடும். அது முதலில் நாடிச் செல்லும் இடங்களுள் எலும்பும் ஒன்று. நாம் கூறிய பெரியவருக்கு நேர்ந்தது இதுதான்.

அறிகுறி இல்லாத நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? மருத்துவர் கையுறை அணிந்து, ஆசனவாயின் வழியே ஒரு விரலால் தடவிப் பார்த்து, சுரப்பியில் கட்டி தட்டுப்படுகிறதா என்று அறிவது பழைய முறை. அரை நிமிட வேலைதான்; ஆயினும் நம் ஆடவர் பலர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருப்பதற்கு இந்த விரலே காரணம் என்று நாம் ஐயுறுகிறோம். இரத்தத்தின் வழி அறியும் முயற்சி 1938-ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. நோய் பரவியவர்களின் இரத்தத்தில் அமில பாஸ்பட்டேஸ் என்னும் பொருள் மிகுந்திருப்பதை அமெரிக்க மருத்துவர்கள் கண்டனர். ஆனால் பரவிய பின்பே அது மிகுந்தது. முன்கூட்டி அறிய அதனால் பயன் குறைவு. 1941-இல் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்னும் அறுவை மருத்துவர், இந்நோய் ஆண்மைச் சுரப்பு நீரை உண்டு வளர்கிறது என்பதையும், அதனை நிறுத்தினால் பரவிய நோயும் சுருங்குகிறது என்பதையும் காட்டினார். அதற்காக 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஊசி மருந்தாகக் கொடுக்கப்படும் ஹார்மோன் சிகிச்சைக்கு மூலம் அதுவே.

அடுத்த பெரிய அடி 1979-இல் எடுத்து வைக்கப்பட்டது. அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் உள்ள ரோஸ்வெல் பார்க் ஆய்வுக்கூடத்தில், டி. மிங் சூ என்பவரின் குழுவினர் புரோஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். பி.எஸ்.ஏ. என்று இன்று அழைக்கப்படுவது அதுவே. சுரப்பி கெட்டால் இப்புரதம் இரத்தத்தில் மிகுதியாகக் கசிகிறது. அமெரிக்க அரசாங்கம் 1986-இல் இச்சோதனையை, ஏற்கெனவே நோயுள்ளவர்களைக் கண்காணிப்பதற்கு மட்டுமே அனுமதித்தது. நோயைக் கண்டறிவதற்குத் துணையாக 1994-இல்தான் அனுமதி கிடைத்தது. கண்காணிப்பதற்கு ஒரு பொருள் நன்றாகப் பயன்பட்டால், கண்டுபிடிப்பதற்கும் அதே அளவு பயன்படும் என்று கொள்வதற்கில்லை.

தோட்டத்து மக்களுக்கு இதனை எளிதாக விளக்கலாம். பால் ஸ்டோரில் மெட்ரோலாக் கருவியைப் பாலில் விட்டுப் பார்ப்பதைக் கண்டிருக்கிறோம். அது காட்டும் எண் பாலின் அடர்த்தி. அதைக் கொண்டு பாலில் உள்ள ரப்பரைக் கணக்கிடுகிறார்கள். மழைநீர் கலந்தாலும் எண் மாறும், பால் சூடாக இருந்தாலும் மாறும். உண்மையான ரப்பர் எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் சிறிது பாலை எடுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்க்க வேண்டும். பி.எஸ்.ஏ. சோதனை மெட்ரோலாக்கைப் போன்றது. சதைத் துணுக்கை எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும் பயாப்சி, உலர்த்தி நிறுப்பதைப் போன்றது.

பி.எஸ்.ஏ. எண்ணைக் கூட்டும் காரணங்கள் பல. சாதாரண வீக்கம் கூட்டும்; சிறுநீரில் கிருமி இருந்தால் கூட்டும்; குழாய் செலுத்தியபின் கூட்டும்; உடலுறவு கொண்ட ஓரிரு நாட்களுக்குச் சற்றுக் கூட்டும். குறைக்கும் காரணமும் ஒன்று உண்டு. வீக்கத்தைக் கரைக்கக் கொடுக்கப்படும் ஃபினாஸ்டரைடு போன்ற மாத்திரைகளைப் பல மாதங்கள் உட்கொண்டால் எண் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அம்மாத்திரை சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் கூறாவிட்டால், உயர்ந்த எண் சாதாரண எண்ணாகத் தோற்றமளித்து ஏமாற்றிவிடும். மாத்திரை உறையைக் கையோடு கொண்டு செல்ல வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நான்கு என்னும் எண்ணை எல்லையாக வைப்பது நெடுநாள் வழக்கம். நான்குக்கு மேல் பத்துக்குள் இருப்போரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் காணப்படுகிறது. மற்ற மூவருக்கும் இல்லை. நான்குக்குள் இருந்தால் கவலையில்லை என்றும் சொல்ல முடியாது. 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியில், எண் நான்கைத் தாண்டாத 2,950 ஆடவருக்குப் பயாப்சி செய்து பார்த்தபோது, 449 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அவர்களிற் பெரும்பாலோருக்கு அது தீங்கற்ற சிறு நோயே என்பதையும் உடன் கூற வேண்டும்.

தீங்கற்ற புற்றுநோய் என்று சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். புரோஸ்டேட்டில் தோன்றும் புற்றில் பல மிக மெதுவாக வளர்பவை. அந்நோயோடு இருபது ஆண்டு வாழ்ந்து, வேறு காரணத்தால் இறக்கும் முதியோர் ஏராளம். வேறு சில வேகமானவை. சில ஆண்டுகளில் எலும்பைப் பற்றிக்கொள்பவை. இரண்டையும் பிரித்தறியாமல் கண்டதையெல்லாம் அறுத்தெறிந்தால் என்ன ஆகும்? சிறுநீரை அடக்க முடியாமை, ஆண்மைக் குறைவு ஆகிய துன்பங்கள் அறுவைக்குப் பின் பலருக்கு நேர்கின்றன. மரம் சீவத் தெரிந்தவர் பட்டையைச் சீவுவார். அவசரக்காரர் கட்டையைத் தொட்டுவிடுவார், அந்த மரம் பின்பு முண்டும் முடிச்சுமாகத்தான் பட்டை விடும்.

ஆகவே பி.எஸ்.ஏ. சோதனையை ஆடவர் எல்லாருக்கும் செய்தால் உயிர் காக்கப்படுமா என்று பெரிய ஆராய்ச்சிகள் நடத்தப்பட்டன. ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 162,000 ஆடவரைச் சீட்டுக் குலுக்குவது போல் இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சோதனைக்கு அழைத்து, மற்றொரு பிரிவினரை வழக்கம்போல் விட்டு, ஆண்டுக்கணக்காகக் கவனித்து வந்தனர். 23 ஆண்டுகளுக்குப் பின்னான கணக்கு 2025-இல் வெளியாயிற்று. அழைக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் ஏற்பட்ட மரணம் நூற்றுக்கு 13 பங்கு குறைந்திருந்தது. அதாவது 456 பேரைச் சோதனைக்கு அழைத்தால் ஒருவருடைய மரணம் தவிர்க்கப்படுகிறது. அமெரிக்காவில் 76,000-க்கும் மேற்பட்ட ஆடவரைக் கொண்டு நடத்திய மற்றோர் ஆராய்ச்சியின் முடிவு 2009-இல் வந்தபோது, அதில் எந்த நன்மையும் தெரியவில்லை. ஆனால் அங்கே, அழைக்கப்படாத பிரிவினரும் தாமாகவே சென்று சோதனை செய்துகொண்டனர் என்பது பின்னர்த் தெரியவந்தது. நெல்லையும் பதரையும் ஒரே முறத்தில் போட்டபின் எடை பார்த்ததற்கு ஒப்பாயிற்று அது.

இவ்விரண்டு ஆராய்ச்சிகளையும் காட்டி, சோதனை வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் நெடுநாள் வாதிட்டனர். அந்த வாதத்திற்கு ஒரு வழி திறந்தவர்களுள் நம் இனப் பெயர் தாங்கிய ஒருவர் இருக்கிறார் என்பதை இங்கு மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த சிறுநீரியல் அறுவை மருத்துவர் வீரு காசிவிஸ்வநாதன் என்பவரே அவர்.

முன்னாளில் எண் உயர்ந்தவருக்கு நேராகப் பயாப்சி செய்தனர். பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஊசியைக் குத்தி, எங்கே அகப்படுகிறதோ என்று தேடுவது அந்த முறை. இருட்டில் மீன் பிடிப்பதற்கு அதனை ஒப்பிடலாம். தீய கட்டி ஊசிக்குத் தப்பிவிடும். தீங்கற்ற சிறு கட்டி சிக்கிக்கொண்டு வீண் கலவரத்தை உண்டாக்கும். 2017-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆராய்ச்சி, 576 ஆடவரைக் கொண்டு, முதலில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தால் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோருக்குப் பயாப்சியே தேவைப்படாமல் செய்யலாம் எனக் காட்டிற்று. எம்.ஆர்.ஐ. என்பது காந்த விசையால் எடுக்கும் படம். எக்ஸ்ரே கதிர் அதில் இல்லை.

மறு ஆண்டு, 2018-இல், காசிவிஸ்வநாதன் முன்னின்று நடத்திய ஆராய்ச்சியின் முடிவு வந்தது. 11 நாடுகளில் 500 ஆடவர் அதில் பங்கெடுத்தனர். ஒரு பிரிவினருக்கு முதலில் படம். படத்தில் ஐயப்பாடு தெரிந்தால் மட்டும், தெரிந்த இடத்தைக் குறிபார்த்துப் பயாப்சி. மற்றொரு பிரிவினருக்குப் பழைய முறை. முதற் பிரிவில் நூற்றுக்கு 28 பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை. ஆயினும் சிகிச்சைக்குரிய தீய நோய் அப்பிரிவில் நூற்றுக்கு 38 பேரிடமும், பழைய முறைப் பிரிவில் 26 பேரிடமும் கண்டுபிடிக்கப்பட்டது. தீங்கற்ற நோய் அகப்பட்டது முதற் பிரிவில் 9, மற்றதில் 22. குறைவாகக் குத்தி, தேவையானதை மிகுதியாகக் கண்டு, தேவையற்றதைக் குறைவாகக் கிளறினார்கள். ஆராய்ச்சி என்றால் எப்போதும் புதுப் புது மருந்து கண்டுபிடிப்பதென்று நாம் நினைக்கிறோம். ஊசி முதலா, படம் முதலா என்று வரிசையை மாற்றியதே இங்கு பெரும் பயன் தந்தது.

படம் எடுக்க நேரமும் பணமும் ஆகுமே, ஏழை நாடுகளில் எங்ஙனம் இயலும் என்ற கேள்வி அடுத்து எழுந்தது. அதே குழுவினர் 12 நாடுகளில் 490 ஆடவருக்குச் செய்த ஆராய்ச்சி 2025-இல் வெளியாயிற்று. வழக்கமாகப் படம் எடுக்கும்போது நரம்பில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள். அம்மருந்து இல்லாமல் எடுத்த சுருக்கமான படமும், தேர்ந்த மருத்துவர் பார்த்தால், தீய நோயைக் கண்டறிவதில் சற்றும் பின்தங்கவில்லை என்று அவர்கள் காட்டினர். அரை மணிக்கு மேல் ஆகும் படம் இருபது நிமிடத்தில் முடிந்தால், ஒரே இயந்திரத்தில் நாளொன்றுக்கு இன்னும் பலரைப் பார்க்கலாம். வரிசையில் காத்திருப்போருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன?

நோய் இருப்பதாகத் தெரிந்தபின் என்ன செய்வது என்பதற்கும் ஆராய்ச்சி விடை கூறியுள்ளது. பிரிட்டனில் நோய் பரவாத 1,643 ஆடவரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவையும், ஒரு பிரிவினருக்குக் கதிர் சிகிச்சையும், மூன்றாம் பிரிவினருக்குச் சிகிச்சையின்றிக் கண்காணிப்பும் அளித்தனர். 15 ஆண்டுகள் கழித்து, 2023-இல் வெளியான கணக்குப்படி, இந்நோயால் இறந்தோர் மொத்தமே 45 பேர். மூன்று பிரிவிலும் மரணம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு, சும்மா இருந்தால் போதுமே என்று எவரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. கண்காணிப்பு என்றால் குறித்த காலத்தில் இரத்தம் சோதித்து, படம் எடுத்து, தேவைப்பட்டால் மறுபடியும் பயாப்சி செய்து, நோய் முகம் மாறினால் உடனே சிகிச்சை தொடங்குவதாகும். அந்தப் பிரிவினரில் நூற்றுக்கு 61 பேருக்குக் காலப்போக்கில் சிகிச்சை தேவைப்பட்டது. நோய் பரவியோர் தொகையும் அப்பிரிவில் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. தவணைக்குத் தவறாமல் வருபவருக்குத்தான் இந்த வழி பொருந்தும்.

கண்காணிப்பில்தான் பி.எஸ்.ஏ. தன் உண்மைத் திறமையைக் காட்டுகிறது. சுரப்பியை அறுத்தெடுத்தபின் அந்த எண் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போக வேண்டும். மீண்டும் ஏறத் தொடங்கினால் எங்கோ நோய் தங்கியிருக்கிறதென்று பொருள். வலி தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இது தெரிந்துவிடுகிறது. ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்வோருக்கு எண் இறங்கி நிற்கும் வரை மருந்து வேலை செய்கிறது. ஏறினால் மருந்தை மாற்ற வேண்டும். தங்கிய நோய் எங்கே என்று காண்பதற்குப் புற்றணுக்களின் மேல் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட் படம் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 302 ஆடவரிடம் நடந்து, 2020-இல் வெளியான ஆராய்ச்சி, பழைய எலும்புப் படத்தையும் சி.டி. படத்தையும் விட இது மிகச் சரியாகக் காட்டுகிறது என்று நிறுவியது.

சிறுநீரைக் கொண்டே நோயை அறியும் முயற்சியும் நடைபெறுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் அருள் சின்னையன் என்பவரின் குழுவினர், இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொள்வது இப்புற்றுநோயிற் பெரும்பாலானவற்றில் காணப்படுகிறதென்று 2005-இல் கண்டறிந்தனர். இவர் பெயரிலும் தமிழ் மணம் வீசுகிறது. அந்த ஆய்வின் வழியே வளர்ந்து, 18 மரபணுக்களைச் சிறுநீரில் அளந்து, எவருக்குப் பயாப்சி தேவை, எவருக்குத் தேவையில்லை என்று கூறும் ஒரு சோதனையை அவர்கள் 2024-இல் வெளியிட்டனர். நம் கிளினிக்குகளில் நாளையே அது கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மேனாட்டில் பிரச்சினை, தேவையில்லாததையும் கண்டுபிடித்து வெட்டுவது. நம்மிடம் பிரச்சினை நேர்மாறானது. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான கணக்கில், மலேசிய ஆடவருக்கு வரும் புற்றுநோய்களில் பெருங்குடல், நுரையீரல் ஆகியவற்றுக்கு அடுத்த இடம் புரோஸ்டேட்டுக்கே. அவர்களிற் பலர் நோய் முற்றிய நிலையிலேயே மருத்துவமனையை அடைகின்றனர். நாட்டின் சிறுநீரியல் மருத்துவர்கள் பல மருத்துவமனைகளில், 2016 முதல் 2018 வரை புதிதாக நோய் கண்டவர்களின் விவரங்களை எம்-கேப் என்னும் பதிவேட்டில் தொகுத்தபோதும் இதே சோகக் கதையைத்தான் கண்டனர். இரத்தத்தில் எண் மிக உயர்ந்து, எலும்பில் பரவியபின் வந்தோர் அதில் ஏராளம். ஐரோப்பியர் எழுதும் புத்தகத்தில் மிகைச் சிகிச்சையைப் பற்றிய எச்சரிக்கையைப் படித்துவிட்டு, ஆகவே சோதனையே வேண்டா என்று இங்கு எவரேனும் கூறினால், அவர் வேறொரு நாட்டு நோயாளிக்கு மருந்து எழுதுகிறார் என்றே நாம் கருதுகிறோம்.

இப்படிப்பட்ட ஆராய்ச்சியில் சேருமாறு கேட்டால் நம்மவர் அஞ்சுவதுண்டு. நாம் கூறிய பெரியவரிடமும் மருத்துவர் ஒருவர், உங்கள் விவரங்களை ஆராய்ச்சிப் பதிவேட்டில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். "என்னை எலியாக வைத்துச் சோதிக்கப் போகிறார்களா?" என்று அவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பிறர் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்தே பழகிய தலைமுறை அது. ஆராய்ச்சியின் முறை அப்படியன்று என்று அவருக்கு விளக்கினோம். எதற்காக, எவ்வளவு காலம், என்ன எடுப்பார்கள், என்ன தீங்கு நேரலாம் என்பதை எழுத்தில் கொடுத்து, புரியும் மொழியில் விளக்கிய பின்பே கையொப்பம் வாங்க வேண்டும். வீட்டிற்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்ல உரிமையுண்டு. வேண்டாமென்று மறுக்கலாம், சேர்ந்தபின் இடையில் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. தமிழில் விளக்குங்கள் என்று கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். நம்மவர் எவருமே சேராவிட்டால், ஐரோப்பியரிடமும் அமெரிக்கரிடமும் அளந்த அளவைக் கொண்டே நம்மையும் அளப்பார்கள். மூன்று நாள் யோசித்துவிட்டு அவர் கையொப்பமிட்டார்.

குடும்ப வழியையும் கவனிக்க வேண்டும். தகப்பனாருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்தால் அபாயம் கூடுகிறது. பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணுக் குறை உள்ள குடும்பங்களில், பெண்களுக்கு மார்பகப் புற்றும், ஆண்களுக்கு இளவயதிலேயே வேகமான புரோஸ்டேட் புற்றும் வரக்கூடும் என்று பல நாட்டு ஆராய்ச்சி ஒன்று 2019-இல் தெளிவாக்கியது. தாய்க்கோ தமக்கைக்கோ மார்பகப் புற்று வந்த குடும்பத்து ஆடவர் அதையும் மருத்துவரிடம் கூற வேண்டும். அது பெண்கள் விஷயம் என்று ஒதுக்கிவிடலாகாது.

ஆக, எவர் செல்ல வேண்டும்? ஐரோப்பியச் சிறுநீரியல் மருத்துவர்களின் வழிகாட்டி, 50 வயதைக் கடந்தவரும், குடும்பத்தில் நோய் இருந்தால் 45-ஐக் கடந்தவரும், பி.ஆர்.சி.ஏ.2 குறையுள்ளவர் 40 முதலும் சோதனையின் நன்மை தீமைகளை மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம் என்கிறது. எழுபதைத் தாண்டி, வேறு நோய்களும் உள்ள முதியவருக்குச் சோதனை பயனளிக்குமா என்பதை மருத்துவர் எடுத்துரைப்பார். நீர் அடைப்பு, சிறுநீரில் இரத்தம், நீங்காத முதுகெலும்பு வலி ஆகியவை கண்டாலோ வயதைக் கணக்கிட்டுக்கொண்டிராமல் உடனே செல்ல வேண்டும். கால்கள் திடீரென மரத்துப்போனால் அன்றைக்கே செல்ல வேண்டும். முதுகுத்தண்டு நெரிபட்டிருக்கலாம், ஒருநாள் தாமதமும் நடையைப் பறித்துவிடும்.

முன்பு தோட்டத்திற்குத் தோட்டம் ஒரு டிரஸ்ஸர் இருந்தார். எதற்கும் அவரிடம் போய் நிற்கலாம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும். குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு வெள்ளிதான். அங்கிருந்து கடிதம் பெற்றுக்கொண்டு சிறுநீரியல் நிபுணரிடம் செல்லலாம். கம்போங் மேடான் மக்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. கிள்ளான் பக்கத் தோட்டத்தவருக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை உண்டு. மேல் சிகிச்சைக்குப் புத்ராஜெயாவில் 2013-இல் திறக்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கழகம் இருக்கிறது.

செல்லும்போது இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பதை மூன்று நாட்களுக்கு எழுதிக்கொண்டு செல்லுங்கள். எழுத இயலாதவர் பேரப்பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். பி.எஸ்.ஏ. எடுத்திருந்தால் ஒவ்வொரு முறையும் எண்ணையும் தேதியையும் கேட்டு ஒரே நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். கிளினிக் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் அந்த நோட்டு உங்களிடம் இருக்கும். தனித்த ஓர் எண்ணைவிட, அது ஏறுகிறதா நிற்கிறதா என்பதே மருத்துவருக்கு முக்கியம்.

அந்தப் பெரியவர் இன்னும் நம்மோடு இருக்கிறார். மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஊசி. அதற்கு முன் இரத்தச் சோதனை. சோதனை நாளில் மனைவியே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உடன் செல்கிறார், எண்ணை அவரே எழுதுகிறார். சென்ற முறை எழுதிய எண் அதற்கு முந்தியதைவிடக் குறைவு. அடுத்த தவணை வரும் மாதம் இரண்டாம் வாரம்.

பின்வரிசை மேசையில் தாதியர் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இப்போதே பார்த்துக்கொள்ளலாம். இங்கு இரைந்து கேட்க விரும்பாத கேள்விகளை அவர்களிடம் தனியே கேட்கலாம்.